அறைக்குள் ஏறும் மலை: குறைந்த விலையில் எந்த ட்ரெயினர்?

2020 டிசம்பர் 9-ஆம் தேதி உலக சாம்பியன் பட்டத்துக்கான ஒரு சைக்கிள் போட்டி நடந்தது. தூரம் 50 கிலோமீட்டர். ஓட்டியவர்கள் யாரும் இருந்த இடத்தைவிட்டு ஓர் அடிகூட நகரவில்லை. பின்சக்கரம் கழற்றிய சைக்கிளில், அறைக்குள் உட்கார்ந்து மிதித்தார்கள். திரையில் ‘வாட்டோபியா’ என்ற கற்பனைத் தீவில் அவர்களுடைய உருவங்கள் பறந்தன. சர்வதேச சைக்கிள் சம்மேளனமான யு.சி.ஐ., ஜ்விஃப்ட் என்ற செயலியில் நடத்திய முதல் இ-ஸ்போர்ட்ஸ் உலகப் போட்டி அது. ஆண்கள் பிரிவில் ஜெயித்தவர் ஜெர்மனியின் ஜேசன் ஆஸ்போர்ன். அவர் அடிப்படையில் துடுப்புப் படகு வீரர். அடுத்த ஆண்டு டோக்கியோ ஒலிம்பிக்ஸில் படகுப் போட்டியில் வெள்ளி வாங்கியவர். பெண்கள் பிரிவில் தென்னாப்பிரிக்காவின் ஆஷ்லி மூல்மன் பாசியோ ஜெயித்தார்.

அந்தப் போட்டிக்காக வீரர்கள் எல்லாருக்கும் ஒரே மாதிரி ட்ரெயினரை, அதாவது சைக்கிளை மாட்டி நின்ற இடத்திலேயே மிதிக்க உதவும் கருவியை, கொடுத்தார்கள்: டாக்ஸ் நியோ 2டி. காரணம் எளிது. ரோட்டில் யார் முந்துகிறார் என்று கண்ணால் பார்த்துவிடலாம். அறைக்குள் அது முடியாது. காலுக்குக் கீழே இருக்கும் இயந்திரம் ‘இவர் 300 வாட் மிதிக்கிறார்’ என்று சொன்னால் அதுதான் வேகம், அதுதான் வெற்றி. இயந்திரம் தப்பாகச் சொன்னால் போட்டியே தப்பாகிவிடும்.

அந்த இயந்திரத்தின் விலை அப்போது ஆயிரம் டாலருக்கு மேல். இன்றைய மாற்று விகிதத்தில் லட்ச ரூபாயைத் தாண்டும். “வீட்டுக்குள் சைக்கிள் மிதிக்க ஒரு லட்சமா?” என்று கேட்டுவிட்டுக் கடையைவிட்டு நடையைக் கட்டியவர்கள் ஏராளம். அவர்கள் திரும்பி வந்து பார்க்க இது நல்ல நேரம். 2022-க்குப் பிறகு இந்தச் சந்தையில் விலை விழுந்த வேகம் அப்படி.

நம் ஊரில் இதற்கு என்ன தேவை என்று கேட்கலாம். டொராண்டோவிலும் ஆஸ்லோவிலும் இருக்கும் தமிழர்களுக்குப் பனிக்காலம் காரணம். சென்னைக்காரருக்கு ஐப்பசி மழை, அக்னி நட்சத்திரம், தெருநாய், தண்ணீர் லாரி எல்லாமே காரணம். கிழக்குக் கடற்கரைச் சாலையில் சைக்கிள் ஓட்டுகிறவர்கள் விடியற்காலை நாலரைக்கே கிளம்புவது ஆசைப்பட்டா? ஆறரைக்கு மேல் அந்த ரோடு அவர்களுடையது இல்லை. வேலை, பிள்ளை, பள்ளி வேன் என்று ஓடுகிற ஒருவருக்கு ராத்திரி ஒன்பது மணிக்கு முக்கால் மணி நேரம் கிடைத்தால், அதை அறைக்குள்தான் செலவழிக்க முடியும்.

விலை விழுந்த கதை

அறைக்குள் சைக்கிளைக் கணினியோடு இணைக்கும் யோசனை புதிதில்லை. அமெரிக்காவின் சியாட்டில் நகரத்து ரேசர்மேட் நிறுவனம் 1980-களிலேயே ‘கம்ப்யூட்ரெய்னர்’ என்ற கருவியை விற்றது. நின்டென்டோ வீடியோ கேம் பெட்டியில் அதைச் செருகி, டி.வி.யில் பந்தயம் ஓடலாம். பயிற்சியாளர்களும் ஆய்வுக்கூடங்களும் வாங்கின. சாமானியர்கள் எட்டிப் பார்க்கவில்லை. 2017-இல் அந்தக் கருவி நின்றுபோனது.

அதற்குள் களம் மாறியிருந்தது. 2012-இல் வாஹூ நிறுவனம் ‘கிக்கர்’ என்ற ட்ரெயினரை அறிமுகப்படுத்தியது. பின்சக்கரத்தைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டு, செயினை நேராக ட்ரெயினரின் பல்சக்கரத்தில் மாட்டுவது இதன் முறை. இதைத்தான் ‘டைரக்ட் டிரைவ்’ என்கிறார்கள். செயலி சொன்னபடி கருவி தானே இறுகும், தானே தளரும். 2014-இல் ஜ்விஃப்ட் வந்தது. இயந்திரம் ஒரு பக்கம், விளையாட்டு மறுபக்கம் என்று ஜோடி சேர்ந்தது. (வாட்டோபியாவில் ஓட்டியதை ஓட்டங்களைப் பதிவுசெய்யும் ஸ்ட்ராவா செயலியின் வரைபடத்தில் திறந்து பாருங்கள், பசிபிக் பெருங்கடலில் சாலமன் தீவுகளுக்குள் ஓட்டியதாகக் காட்டும்.)

கொரோனா வந்தபோது உலகம் முழுக்கக் கடைகளில் ட்ரெயினர் தீர்ந்துபோனது. ஜ்விஃப்ட் 2020 செப்டம்பரில் 45 கோடி டாலர் முதலீடு திரட்டியது. சொந்தமாகவே ஒரு சைக்கிள் செய்து விற்கப்போவதாகத் திட்டம் போட்டார்கள். 2022-இல் ஊரடங்கு ஓய்ந்து கூட்டம் குறைந்ததும் அந்தத் திட்டத்தைத் தூக்கிப்போட்டார்கள், ஆட்களையும் குறைத்தார்கள்.

அதே 2022-இன் பிற்பகுதியில்தான் ‘ஜ்விஃப்ட் ஹப்’ என்ற ட்ரெயினர் வந்தது. விலை 499 டாலர். ஆஸ்திரேலியாவின் ஜெட்பிளாக் நிறுவனம் ஏற்கனவே விற்றுக்கொண்டிருந்த கருவியை ஒட்டிச் செய்தது. அந்தச் சமயத்தில் வாஹூவின் நடுத்தர மாடலான கிக்கர் கோர் 899 டாலர். கிட்டத்தட்ட அதே வேலையைச் செய்யும் கருவியை 400 டாலர் குறைத்து ஒருவர் கடைபரப்பினால் என்ன ஆகும்? வாஹூ காப்புரிமை வழக்குப் போட்டது. போட்டுவிட்டு, 2023-இல் தன் விலையையும் 599 டாலருக்கு இறக்கியது. கடனில் தத்தளித்த அந்த நிறுவனத்தை அதே ஆண்டில் அதன் நிறுவனரே முதலீட்டாளர்களோடு சேர்ந்து மீட்டெடுத்தார். 2023 செப்டம்பரில் இரு தரப்பும் சமாதானம் ஆனார்கள். ஹப் படிப்படியாகக் கடையைவிட்டுப் போனது, ஜ்விஃப்டே கிக்கர் கோரை விற்கத் தொடங்கியது.

ஹப் போனாலும் அது இறக்கிவிட்ட விலை ஏறவில்லை. 2024-இல் ஜெட்பிளாக் தன் சொந்தப் பெயரில் ‘விக்டரி’ என்ற டைரக்ட் டிரைவ் ட்ரெயினரை 399 டாலருக்குக் கொண்டுவந்தது. டெகாத்லானின் வான் ரைசல் பிராண்டில் டி100 என்ற மாடல் ஐரோப்பாவில் 300 யூரோவை ஒட்டி வந்தது. பத்து ஆண்டுக்கு முன் ஆயிரம் டாலர் கொடுத்து வாங்கிய வசதியில் பெரும்பகுதி இப்போது அதில் பாதி விலைக்கும் கீழே கிடைக்கிறது.

நம் ஊர் விலை வேறு கணக்கு. பெட்டி கனமானது. கப்பல் கூலி, சுங்க வரி, விற்பவரின் லாபம் எல்லாம் மேலே ஏறும். வெளிநாட்டிலிருந்து மச்சான் வரும்போது கொண்டுவரச் சொல்லலாம் என்று நினைப்பவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். ஒரு நாட்டில் வாங்கியதற்கு இன்னொரு நாட்டில் வாரன்டி பெரும்பாலும் செல்லாது. உள்ளே பெல்ட் அறுந்தால் மச்சானையே திருப்பி அனுப்ப முடியாது.

எண் எங்கிருந்து வருகிறது?

மலிவு விலையில் மூன்று படிகள் இருக்கின்றன. முதல் படி, நம் ஊர்க் கடைகளிலும் இணையத்திலும் பத்தாயிரம் ரூபாயை ஒட்டிக் கிடைக்கும் காந்த ட்ரெயினர். இரும்புச் சட்டத்தில் சைக்கிளின் பின் அச்சைக் கவ்வ வைத்து, பின் டயரை ஓர் உருளையில் அழுத்துவார்கள். உருளைக்குப் பக்கத்தில் காந்தம் இருக்கும். ஹேண்டில்பாரில் மாட்டிய லீவரைத் தள்ளினால் இறுக்கம் கூடும். இதற்குள் கம்ப்யூட்டர் எதுவும் கிடையாது. காந்தத்துக்குப் பதிலாக எண்ணெய் நிரப்பிய மாடலும் உண்டு. வேகம் கூடக்கூட அதன் தடை ரோட்டில் காற்று தடுப்பதைப் போலவே செங்குத்தாக ஏறும். ஓட்டுவதற்கு அதுதான் சுகம்.

இந்தக் கம்ப்யூட்டர் இல்லாத கருவியை வைத்துக்கொண்டும் வாட்டோபியாவுக்குள் போகலாம் என்பது பலருக்குத் தெரியாது. பின்சக்கர ஹப்பில் ஒரு வேக சென்சார், பெடல் தண்டில் ஒரு சுழற்சி சென்சார். இரண்டும் சேர்ந்து சில ஆயிரம் ரூபாய். சக்கரம் எவ்வளவு வேகமாகச் சுற்றுகிறது என்று சென்சார் சொல்லும். ‘இந்த மாடல் ட்ரெயினரில் இந்த வேகத்துக்கு இத்தனை வாட்’ என்ற கணக்கு ஜ்விஃப்டில் பல மாடல்களுக்கு இருக்கிறது. அதை வைத்து உங்கள் சக்தியை அனுமானிக்கும். பட்டியலில் உங்கள் மாடல் இல்லை என்றால் பொதுக் கணக்குப் போட்டு, 400 வாட்டுக்கு மேல் காட்டாது.

அனுமானம் என்பதால் அதில் ஓட்டையும் இருக்கிறது. டயரில் காற்று குறைந்திருந்தால், உருளையை அழுத்தும் திருகை ஒரு சுற்று குறைவாக முடுக்கியிருந்தால், டயர் லேசாக வழுக்கும். சக்கரம் சும்மா சுற்றும், செயலியோ நீங்கள் ஒலிம்பிக் வீரர் என்று நினைத்துக்கொள்ளும். ஒவ்வொரு முறையும் ஒரே காற்றழுத்தம், திருகில் ஒரே எண்ணிக்கைச் சுற்று என்று பழக்கம் வைத்துக்கொண்டால், எண் உண்மையாக இல்லாவிட்டாலும் நேற்றையதை இன்றையதோடு ஒப்பிட உதவும். உடம்பைத் தேற்ற நினைப்பவருக்கு அது போதும். போட்டிக்குப் போனால் மற்றவர்கள் சந்தேகமாகத்தான் பார்ப்பார்கள். பல பந்தயங்களில் அனுமான வாட்டைக் கணக்கில் எடுப்பதே இல்லை.

இரண்டாம் படி, அதே மாதிரி டயரை அழுத்தும் ட்ரெயினர்தான், ஆனால் ‘ஸ்மார்ட்’. மின்சாரத்தில் ஓடும், செயலி சொன்னபடி தானே இறுகும். டாக்ஸ் ஃப்ளோ, வாஹூ கிக்கர் ஸ்னாப், சாரிஸ் எம்2 எல்லாம் இந்த ரகம். இவற்றில் பல, 5 சதவீதம் வரை கூடவோ குறையவோ காட்டலாம் என்று தயாரிப்பாளரே சொல்கிறார். அதாவது நீங்கள் 200 வாட் மிதித்தால் 190 என்றும் காட்டும், 210 என்றும் காட்டும். டயர் சூடேற ஏற இந்த எண் நகரும். அதனால் பத்து நிமிடம் மிதித்துச் சூடாக்கிவிட்டு, வேகமெடுத்துக் காலை நிறுத்தி, சக்கரம் எவ்வளவு நேரத்தில் நிற்கிறது என்று கருவியை அளக்கவிட வேண்டும். இதற்கு ‘ஸ்பின் டவுன்’ என்று பெயர். இதை அடிக்கடி செய்யவேண்டியிருக்கும். கொஞ்ச நாளில் டயர் தேய்ந்து, கீழே கறுப்புத் தூள் கோலம் போட்டிருக்கும்.

மூன்றாம் படிதான் டைரக்ட் டிரைவ். டயரே இல்லை என்பதால் வழுக்கல் இல்லை, தேய்மானம் இல்லை, சத்தமும் குறைவு. கிக்கர் கோர், ஹப் போன்றவற்றில் பிழை 2 முதல் 2.5 சதவீதத்துக்குள். உள்ளே நாலைந்து கிலோ எடையில் ஒரு ஃப்ளைவீல் சுற்றுவதால், காலை நிறுத்தினாலும் ரோட்டில் சைக்கிள் உருள்கிற மாதிரியே இருக்கும்.

என் கட்சி இதுதான்: முதல் படியில் நில்லுங்கள், அல்லது மூன்றாம் படிக்கு ஏறுங்கள். நடுப்படியில் காசைப் போடாதீர்கள். 2022-க்கு முன் அதற்கு ஒரு நியாயம் இருந்தது. டைரக்ட் டிரைவ் எட்டாத உயரத்தில் இருந்தது. 399 டாலருக்கு டயர் இல்லாத கருவி வந்த பிறகு, அதில் பெரும்பகுதி விலையைக் கொடுத்து டயரைத் தேய்ப்பானேன்? சக்கரத்தைக் கழற்றவே முடியாத சைக்கிள் வைத்திருப்பவருக்கும், யாராவது பாதி விலைக்கும் கீழே பழையதைத் தள்ளிவிட்டால் வாங்குகிறவருக்கும் மட்டும் விலக்கு.

6 சதவீதம் போதுமா?

ட்ரெயினர் பெட்டியில் கொட்டை எழுத்தில் இரண்டு எண்கள் இருக்கும்: அதிகபட்ச வாட், அதிகபட்ச ஏற்றம். டி100-இல் 600 வாட், 6 சதவீதம். விக்டரியிலும் கிக்கர் கோரிலும் 1,800 வாட், 16 சதவீதம். பார்த்ததும் 6 சதவீதம் எதற்கும் உதவாது என்று தோன்றும். ஜ்விஃப்டில் பிரபலமான ‘ஆல்ப் டு ஜ்விஃப்ட்’ மலை, பிரான்ஸின் ஆல்ப் துவேஸ் மலைப்பாதையை அச்சாக எடுத்து வரைந்தது. 21 கொண்டை ஊசி வளைவுகள், சுமார் 12 கிலோமீட்டர், சராசரி ஏற்றம் 8.5 சதவீதம். 6 சதவீதக் கருவியில் இதை ஏற முடியுமா?

தாராளமாக. ஜ்விஃப்டில் ‘ட்ரெயினர் டிஃபிகல்ட்டி’ என்று ஓர் அமைப்பு இருக்கிறது. நீங்கள் கை வைக்காமல் விட்டால் அது 50 சதவீதத்தில் நிற்கும். அதாவது 8.5 சதவீத ஏற்றம் காலுக்கு 4.25 சதவீதமாகத்தான் தெரியும். அப்படியென்றால் பாதி உழைப்பில் மலை ஏறிவிடலாமா? அதுதான் இல்லை. திரையில் உங்கள் வேகத்தை உங்கள் வாட்டும் எடையும்தான் தீர்மானிக்கின்றன. இறுக்கம் குறைவாக இருந்தால் கியரை மாற்றி, அதே வாட்டை வேறு வேகத்தில் மிதிப்பீர்கள், அவ்வளவுதான். கணக்கை நீங்களே போட்டுப் பார்க்கலாம். 70 கிலோ ஆள், 10 கிலோ சைக்கிள். ஆல்ப் டு ஜ்விஃப்டின் உயரம் ஆயிரம் மீட்டருக்குச் சற்று மேல். ஒரு மணி நேரத்தில் ஏறி முடிக்க 225-லிருந்து 250 வாட் வரை விடாமல் மிதிக்க வேண்டும். நம்மில் பலருக்கு அதுவே பெரிய சாதனை. 600 வாட் கருவி அங்கே பாதிக்கு மேல் தூங்கிக்கொண்டிருக்கும்.

அது இடிக்கும் இடம் ஒன்றே ஒன்று: கடைசி 200 மீட்டர் பாய்ச்சல். நல்ல ஓட்டக்காரர்கள் சில வினாடிகளுக்கு 800, 1,000 வாட் எட்டுவார்கள். வாரக் கடைசியில் பந்தயம் ஓடும் ஆளாக இருந்தால் டி100-ஐ விட்டுவிட்டு ஒரு படி மேலே போங்கள். உடம்பைத் தேற்றவும், மழை நாளில் பயிற்சி விடாமல் இருக்கவும் என்றால் அந்தக் கூடுதல் வாட்டுக்குப் பணம் கொடுக்க வேண்டாம்.

வாட்டைவிட முக்கியம் இரண்டு வரிகள். ஒன்று, ‘எஃப்.டி.எம்.எஸ்.’ என்ற புளூடூத் முறை உண்டா என்பது. உடற்பயிற்சிக் கருவிகள் பேசிக்கொள்ளும் பொது வழி அது. இருந்தால் இன்றைய செயலி செத்தாலும் நாளைய செயலியில் கருவி வேலை செய்யும். இன்னொன்று, ‘எர்க் மோட்’. 150 வாட் என்று வைத்துவிட்டால் நீங்கள் எப்படி மிதித்தாலும் கருவி உங்களை 150-லேயே பிடித்து வைக்கும். கால் தளர்ந்து சுழற்சி குறைந்தால் இறுக்கத்தைக் கூட்டும். அதனால் சோர்ந்த நேரத்தில் மெதுவாக மிதித்தால் இன்னும் கடினமாகிக் கடைசியில் பெடல் அசையாமல் நின்றுவிடும். புதிதாக வாங்கியவர்கள் கருவி பழுது என்று நினைத்துத் திருப்பி அனுப்புவது இதைப் பார்த்துத்தான். ஒரு நிமிடம் மிதிப்பதை நிறுத்தி, மறுபடி வேகமாகத் தொடங்கினால் சரியாகும்.

உங்கள் சைக்கிள் அதில் உட்காருமா?

பணத்தை எண்ணுவதற்கு முன் சைக்கிளின் பின்பக்கம் குனிந்து பாருங்கள். நம் ஊரில் விற்கும் மலிவான கியர் சைக்கிள்களில் பெரும்பாலானவை 7 கியர். பல்சக்கரக் கொத்து ஹப்பின் மேல் திருகிய ‘ஃப்ரீவீல்’ ரகம். டைரக்ட் டிரைவ் ட்ரெயினர்களில் இருப்பதோ ‘கேசட்’ வழுக்கிச் செருகும் அமைப்பு. 8 கியரிலிருந்து மேலே என்றால் பிரச்சினை குறைவு. 7 கியர் என்றால் 7 கியர் கேசட் ஒன்றும் இடைவெளி நிரப்ப ஒரு வளையமும் தனியாக வாங்க வேண்டும். தெரிந்த மெக்கானிக்கிடம் முதலிலேயே கேட்டுவிடுங்கள். அச்சு குவிக் ரிலீஸா, த்ரூ ஆக்ஸிலா, நட்டு போட்டு முடுக்கியதா என்பது அடுத்த கேள்வி. நட்டு போட்ட சிங்கிள் ஸ்பீடு சைக்கிளை டைரக்ட் டிரைவில் மாட்டப் பார்த்து மல்லுக்கட்ட வேண்டாம். அதற்குக் காந்த ட்ரெயினரும், அதன் கவ்விக்குப் பொருந்தும் நட்டும்தான் வழி. கட்டை கட்டையாக இருக்கும் எம்.டி.பி. (மலை சைக்கிள்) டயரோடு காந்த ட்ரெயினரில் ஏறினால் வீடே அதிரும். வழவழப்பான டயராக மாற்றிக்கொள்ள வேண்டும்.

கேசட் தலைவலிக்கு இப்போது ஒரு வழி வந்திருக்கிறது. ஜ்விஃப்ட் 2023-இல் ‘காக்’ என்ற ஒற்றைப் பல்சக்கரத்தையும், ஹேண்டில்பாரில் மாட்டும் பட்டனையும் கொண்டுவந்தது. செயின் ஒரே பல்லில் நிற்கும். பட்டனை அழுத்தினால் ட்ரெயினர் தன் இறுக்கத்தை மாற்றிக் கியர் மாறிய உணர்வைத் தரும். 8 முதல் 12 கியர் வரை எந்தச் சைக்கிளையும் மாட்டலாம். கணவர் ரோடு பைக், மனைவி ஹைபிரிட் என்று இரண்டு சைக்கிள் இருக்கும் வீட்டில் ஒரே ட்ரெயினரை வைத்துச் சமாளிக்க இதைவிட நல்ல ஏற்பாடு இல்லை.

விசிறி, தரை, கரன்ட்

200 வாட் மிதிக்கும் உடம்பு, அந்தச் சக்திக்காகச் செலவழிப்பதில் கால்வாசியைக்கூடப் பெடலுக்கு முழுதாகக் கொடுப்பதில்லை. மிச்சமெல்லாம் சூடு. சுமார் 600 முதல் 800 வாட் வெப்பத்தை அறைக்குள் விடுகிறீர்கள். ரோட்டில் எதிர்க்காற்று அதை எடுத்துப்போகும். அறையில் காற்று இல்லை, சென்னையின் புழுக்கத்தில் வியர்வை ஆவியாவதும் இல்லை. மேலே சுற்றும் சீலிங் ஃபேன் இந்த வேலைக்கு ஆகாது. நெஞ்சுக்கு நேரே, எட்டும் தூரத்தில் ஒரு பெடஸ்டல் ஃபேன் வேண்டும். ட்ரெயினரில் ஐயாயிரம் மிச்சம் பிடித்து அந்தப் பணத்தில் நல்ல விசிறி வாங்கினால், எந்த ஆடம்பர மாடலையும்விட அதிக நேரம் ஓட்டுவீர்கள். சைக்கிளுக்கும் காப்பு தேவை. உப்பு வியர்வை ஹேண்டில்பார் டேப்புக்கு அடியில் இறங்கி அலுமினியத்தை அரிக்கும். முன் கழுத்து போல்ட்டுகள் துருப்பிடித்துத் தலை உடையும். ஹேண்டில்பார் மேல் ஒரு பழைய துண்டு, ஓட்டி முடித்ததும் ஈரத்துணியால் ஒரு துடைப்பு. செலவே இல்லை.

அபார்ட்மென்ட்டில் இருப்பவர்கள் காதில் விழும் சத்தத்தைப் பற்றிக் கவலைப்படுகிறார்கள். தொல்லை தருவது அதிர்வு. இரும்புக் கால்கள் வழியே தரைக்கு இறங்கிக் கீழ்வீட்டுக் கூரையில் உறுமும். “மேல மாவு மில் ஏதும் வச்சிருக்கீங்களா தம்பி?” என்று கீழ்வீட்டு அம்மா லிஃப்டில் கேட்ட பிறகு பாய் வாங்குவதைவிட, முதல் நாளே தடித்த ரப்பர் பாய் ஒன்றை விரித்துவிடுவது மரியாதை.

கரன்ட் போனால்? காந்த ட்ரெயினருக்குக் கவலை இல்லை. மலிவு டைரக்ட் டிரைவ் கருவிகளில் பெரும்பாலானவை கரன்ட் போன நொடியில் இறுக்கத்தை இழந்து, கால் காற்றில் சுற்றும். டாக்ஸ் நியோ போன்ற விலை உயர்ந்தவைதான் மிதிப்பதிலேயே மின்சாரம் எடுத்துத் தாக்குப்பிடிக்கும். வீட்டில் இன்வெர்ட்டர் இருந்தால் அந்த லைனில் வரும் பிளக்கில் மாட்டுங்கள்.

‘கருவியைக் காணோம்’ என்று திரையில் வந்தால் பதறாதீர்கள். பெரும்பாலும் உங்கள் போனில் திறந்து கிடக்கும் இன்னொரு செயலி புளூடூத்தைப் பிடித்துவைத்திருக்கும். அதை மூடினால் சரி.

மாதக் கட்டணத்தை மறக்காதீர்கள்

ட்ரெயினர் விலையைப் பைசா பைசாவாகப் பேரம் பேசுபவர்கள் செயலிக்கான கட்டணத்தைக் கணக்கில் சேர்ப்பதில்லை. ஜ்விஃப்ட் 2024-இல் அமெரிக்க விலையை மாதம் 19.99 டாலராக ஏற்றியது. ஆண்டுச் சந்தா 199.99 டாலர். இரண்டு வருடம் கட்டினால் ஒரு விக்டரி ட்ரெயினர் வாங்கிய பணம் போய்விடும். ஜ்விஃப்ட் ஏன் 499 டாலருக்கு ட்ரெயினரை விற்றது என்பதும் இங்கே விளங்கும்: அவர்களுக்கு ட்ரெயினர் நுழைவுச் சீட்டு, சந்தாதான் வருமானம்.

இலவச மாற்று இருக்கிறது. ஐக்கிய அரபு அமீரகத்திலிருந்து வரும் ‘மைவூஷ்’ செயலிக்குச் சந்தாவே கிடையாது. 2024 அக்டோபரில் யு.சி.ஐ.யின் இ-ஸ்போர்ட்ஸ் உலகப் போட்டி அபுதாபியில் அதில்தான் நடந்தது. ஆஸ்போர்ன் அங்கேயும் ஜெயித்தார். ஜ்விஃப்ட் அளவுக்குக் கூட்டமும் கலகலப்பும் இல்லைதான். பயிற்சிக்குக் குறை ஒன்றும் இல்லை. நிஜ ரோடுகளின் வீடியோவுக்குள் ஓட்ட வேண்டும் என்பவர்களுக்கு செக் நாட்டின் ‘ரூவி’ இருக்கிறது. அதற்குக் கட்டணம் உண்டு.

பழைய கருவி வாங்குவதைத் தயக்கமில்லாமல் சிபாரிசு செய்வேன். ஊரடங்கில் ஆசையாக வாங்கித் துணி காயப்போடும் கம்பியாக மாறிய ட்ரெயினர்கள் நிறைய வீடுகளில் இருக்கின்றன. நேரில் போய்ப் பாருங்கள். கேசட்டைக் கையால் பிடித்துப் பக்கவாட்டில் ஆட்டினால் ஆடக் கூடாது. சுற்றிவிட்டால் கரகரவென்று அரைக்கும் சத்தம் வரக் கூடாது. அடாப்டர் அதே கம்பெனியுடையதுதானா, உங்கள் போனில் இணைகிறதா என்று அங்கேயே பாருங்கள். அந்த மாடலுக்கான செயலியை நிறுவனம் இன்னும் புதுப்பிக்கிறதா என்பதையும் பார்த்துவிடுங்கள்.

கையில் பதினைந்தாயிரம் ரூபாய்தான் இருக்கிறது என்றால் காந்த ட்ரெயினர், இரண்டு சென்சார். முடிவெடுக்க முடியாமல் நிற்பவருக்கும் அதுதான். இரண்டு மாதம் கழித்தும் வாரத்துக்கு மூன்று நாளாவது அதில் ஏறுகிறீர்கள் என்றால், சேமித்து வைத்து மலிவான டைரக்ட் டிரைவுக்கு நேராகப் போங்கள். காந்த ட்ரெயினரை வாங்க அடுத்த ஆள் காத்திருப்பார். ஏறவில்லை என்றால் போனது பதினைந்தாயிரம்தான், அரை லட்சம் இல்லை.